மிட்லண்ட் ராக்கெட் போட்டி: சும்மா பார்க்க மட்டும் போகலாமா?

பிளேனோ அப்பா

வணக்கம். டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். ஏழாவது படிக்கும் பையனுக்கு ராக்கெட் பைத்தியம் முற்றிவிட்டது, சின்ன எஸ்டெஸ் ராக்கெட்டுகளைப் பார்க்கில் விட்டுவிட்டு மரத்தில் மாட்டியதை எடுக்க என்னை ஏற்றிவிடுகிறான். கல்லூரி அணிகள் தாங்களே கட்டிய ராக்கெட்டை 10,000 அடிக்கும் 30,000 அடிக்கும் விடும் ஐரெக் போட்டி இப்போது மிட்லண்டில் நடக்கிறதாமே, ஜூனில் கூட்டிப்போ என்று ஒரே நச்சரிப்பு. ஐ-20 பிடித்து ஐந்து மணி நேரம் ஓட்டுவது பெரிய விஷயமில்லை. எந்த அணியிலும் தெரிந்தவர்கள் இல்லை, வெறும் பார்வையாளராகப் போனால் பொழுது போகுமா? எத்தனை நாள் இருக்கலாம்? "வெயில்ல நின்னு புகையப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று வீட்டில் கேட்கிறார், அதற்கும் சேர்த்து யாராவது பதில் சொல்லுங்கள்.

பாலைவனத்து மாமா

தாராளமாகப் போங்கள். ஆனால் ஏவும் நாளுக்கு மட்டும் போனால் உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் நடக்கும்.

போட்டி நியூ மெக்சிகோவில் ஸ்பேஸ்போர்ட் அமெரிக்காவில் நடந்த காலத்தில் என் அக்கா மகன் ஓர் அணியில் இருந்தான், அவனோடு போயிருக்கிறேன். அதற்கு முன் 2016 வரை யூட்டாவில் கிரீன் ரிவரில் நடந்தது, 2025-இல்தான் டெக்சாஸுக்கு வந்தது. நியூ மெக்சிகோவில் நடந்தபோது முதலில் லாஸ் குரூசஸ் மாநாட்டு மையத்தில் எல்லா அணிகளும் ராக்கெட்டை மேஜைமேல் கிடத்தி வைத்திருப்பார்கள். ஆளுயரத்தைத் தாண்டிய கார்பன் ஃபைபர் குழாய்கள், பக்கத்தில் தூங்காத கண்களோடு பிள்ளைகள். பையனை அங்கே விட்டுவிடுங்கள். ஒரு கேள்வி கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள், பாராசூட்டை மடித்துக் காட்டுவார்கள், எலக்ட்ரானிக்ஸ் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். மணிப்பாலிலிருந்து திரஸ்ட்எம்ஐடி போன்ற நம் ஊர் அணிகளும் வந்திருக்கின்றன. மோட்டாரை விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கே வந்துதான் வாங்கியாக வேண்டும், வெளிநாட்டு அணிகளுக்கு அதுவே தனித் தலைவலி.

ஏவும் இடத்தில் முக்கால்வாசி நேரம் காத்திருப்புதான். 10,000 அடி ராக்கெட் உச்சிக்குப் போக ஏறக்குறைய 25 விநாடி. சத்தம் உங்கள் காதுக்கு வரும்போது அது பாதி வானத்தில் இருக்கும். போனில் படம் எடுக்காதீர்கள், திரையில் தேடிக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். 30,000 அடிக்காரர்களுடையது புகைக்கோடு முடிந்த பிறகு கண்ணுக்கே தெரியாது, அறிவிப்பாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வானத்தைத் துழாவ வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் பையனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். யார் அதிக உயரம் என்பதல்ல போட்டி, குறித்த உயரத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதுதான். 10,000 என்று சொல்லிவிட்டு 12,000 போனாலும் மதிப்பெண் போகும். இது தெரிந்தால் ஒவ்வொரு ஏவுதலும் வேறு மாதிரி சுவாரசியமாகிவிடும்.

பழைய ராக்கெட்

மாமா சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். மேஜைமேல் இருப்பதைப் பார்க்க அருங்காட்சியகம் போதுமே. களத்தில் நிற்க வேண்டும், அதுவும் சொதப்பும்போது நிற்க வேண்டும்.

2006 அக்டோபரில் லாஸ் குரூசஸ் விமான நிலையத்தில் எக்ஸ் பிரைஸ் கப் என்ற ராக்கெட் திருவிழா நடந்தபோது நான் இருந்தேன். நிலவில் இறங்குவது போல மெதுவாக எழுந்து இறங்கும் வண்டிகளுக்கு அங்கே நடந்த போட்டிக்கு நாசா வைத்த பரிசு மொத்தம் 20 லட்சம் டாலர். எளிய பிரிவிலேயே 50 மீட்டர் எழும்பி, 90 விநாடி காற்றில் இருந்து, 100 மீட்டர் தள்ளியிருக்கும் மேடையில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு அதேபோலத் திரும்பி வர வேண்டும். அன்றைக்குப் பறந்தது ஒரே அணி, கணினி விளையாட்டுகள் எழுதிப் பேர் வாங்கிய ஜான் கார்மக்கின் ஆர்மடில்லோ. நான்கு கோளத் தொட்டிகளை ஒட்டிவைத்த மாதிரி ஒரு வண்டி, பெயர் பிக்செல். அது எழுந்து அப்படியே காற்றில் நின்றபோது கூட்டத்தில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! ஆனால் பரிசு கிடைக்கவில்லை. 2007-இல் ஹாலோமன் விமானப்படைத் தளத்திலும் அவர்கள் மட்டுமே பறந்தார்கள், கடைசி முயற்சியில் எஞ்சின் பற்றும்போதே தீப்பிடித்தது. 2008-இல்தான் எளிய பிரிவின் மூன்றரை லட்சம் கைக்கு வந்தது.

கடினமான பிரிவின் பெரிய பரிசான 10 லட்சம் டாலரை 2009-இல் மாஸ்டன் என்ற சின்னக் கம்பெனி தட்டிக்கொண்டு போனது. மாஸ்டன், ஆர்மடில்லோ இரண்டு பேரின் வண்டிகளுமே பறந்து முடித்ததால் யார் குறியின் நடுவுக்கு நெருக்கமாக இறங்கினார்கள் என்று அளந்தார்கள்: மாஸ்டன் சராசரி 19 சென்டிமீட்டர், ஆர்மடில்லோ 87. மாஸ்டனுக்குக் கூடுதலாக ஒரு நாள் கொடுத்தது நியாயமா என்று கார்மக் தரப்பு அப்போதே கேட்டது. என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியில் அர்த்தம் உண்டு, ஆனால் 19 சென்டிமீட்டரை யாரும் மறுக்க முடியாது.

அதனால் தம்பி, ஒரே நாளில் திரும்பிவிடாதீர்கள். முதல் நாள் ஏவ முடியாமல் ராக்கெட்டைக் கழற்றிக் கொண்டுபோன அணி மறுநாள் அதே ராக்கெட்டோடு வரும். அதைப் பையன் பார்க்க வேண்டும்.

மெஸ்கீட் முள்

சுருக்கமாக: மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, தொப்பி, நினைப்பதைவிட இரண்டு மடங்கு தண்ணீர். ஜூன் மாத மேற்கு டெக்சாஸ், நிழல் என்று ஒன்றும் கிடையாது. பார்வையாளர் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், போட்டியின் தளத்தைப் பார்த்துவிட்டு ஹோட்டல் போடுங்கள். பாராசூட் விரியவில்லை என்று ஒலிபெருக்கியில் கத்தினால் போனை விட்டுவிட்டு மேலே பாருங்கள், கூரை இருக்கிறது என்று கூடாரத்துக்குள் ஓடாதீர்கள். துணிக்கூரை ஒன்றையும் தடுக்காது.

பிளேனோ அப்பா

மூவருக்கும் மிக்க நன்றி. பையனிடம் படித்துக் காட்டினேன், அவன் ஒரு கேள்வி கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை. வீடியோக்களில் ஹைப்ரிட் அணிகள் மட்டும் ஏன் மணிக்கணக்காகக் காத்திருந்து கடைசியில் ரத்து செய்கிறார்கள்?

பாலைவனத்து மாமா

நல்ல கேள்வி. திட எரிபொருள் என்றால் மோட்டாரைச் செருகினால் வேலை முடிந்தது. ஹைப்ரிடில் எரிபொருள் திடம், ஆக்சிஜன் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடை ராக்கெட் ஏவு கம்பத்தில் நிற்கும்போதுதான் தூரத்திலிருந்து நிரப்ப வேண்டும். நைட்ரஸ் 36 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. பாலைவனத்தில் மதியம் அதற்கு மேலே போய்விடும், தொட்டியில் எடை ஏறாது, அழுத்தம் மட்டும் ஏறும். அதனால்தான் விடியற்காலையிலேயே விட்டுவிடத் துடிப்பார்கள். காலையில் ஒரு வால்வு ஒழுகினால் அன்றைய பொழுது போச்சு. ஹைப்ரிட் பார்க்க வேண்டுமானால் ஐந்து மணிக்கே எழுப்பிக் கூட்டிப்போங்கள்.

பழைய ராக்கெட்

அப்புறம் இன்னொன்று. பையன் ஏழாவதுதானே? அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்சுக்கு இப்போதே சேரலாம், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை. ராக்கெட்டில் கோழி முட்டை வைத்து விட வேண்டும், முட்டை உடையக் கூடாது, உயரமும் நேரமும் சொன்னபடி வர வேண்டும். உங்கள் பக்கத்திலேயே டாலஸ் ஏரியா ராக்கெட் சொசைட்டி இருக்கிறது, அவர்கள் விடும் நாளில் ஒருமுறை போய் நின்றுவிட்டு, அதற்குப் பிறகு மிட்லண்டுக்கு ஓட்டுங்கள்.