மறு: சிலைச் சட்ட மனு. அலங்காரம் இல்லாத படம் யாரிடமாவது இருக்கிறதா?

சொந்தங்களுக்கு வணக்கம்.

பழம்பொருள் சட்டத்தைத் திருத்தச் சொல்லி நம் சங்கத்தின் பேரில் டெல்லிக்கு மனு அனுப்பலாம் என்று துபாய் மாமா எழுதியிருந்தார். கையெழுத்துப் போட நான் தயார். ஆனால் மனு முழுக்கத் தண்டனையைக் கூட்டச் சொல்வதுதான் இருக்கிறது. அது போதாது என்று படுகிறது.

இப்போது நடப்பில் இருப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை அரசைத் தவிர யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்நாட்டில் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். 2017இல் மத்திய கலாசார அமைச்சகம் இதற்குப் பதிலாக ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. ஏற்றுமதித் தடை அப்படியே இருக்கும். உள்நாட்டு வியாபாரத்துக்கு உரிமம் வேண்டாம், விற்பதைக் கணினியில் பதிந்தால் போதும் என்று அதில் இருந்தது. அது சட்டமாகவில்லை. கெடுபிடி குறைந்தால் பரணில் ஒளித்து வைத்திருப்பதெல்லாம் வெளியே வரும் என்று சிங்கப்பூர் அண்ணன் சொல்கிறார். தாத்தா விட்டுப்போன பழைய விளக்குக்கு அது சரி. பூட்டிக் கிடக்கும் கோயிலின் உற்சவருக்கு? விற்கிறவன் பதியப்போவது அவன் சொல்கிற கதையைத்தானே.

கதை எப்படி எடுபடும் என்பதை நான் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். இங்கே கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஒரு சோழர் கால நடராசரை வாங்கியது. விலை ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து, கண்ணாடிக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் என்று அப்புறம்தான் தெரிந்தது. நம் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் பக்கத்தில்! 1972க்கு முன்பே இந்தியாவை விட்டுப் போன சிலை என்று காட்ட, விற்றவர்கள் கச்சிதமாகக் காகிதம் வைத்திருந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1990களில் அதே சிலையைக் கோயிலுக்குள்ளேயே படம் எடுத்து வைத்திருந்தார்கள். காகிதம் பொய்யென்று ஆனது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

அனந்தமங்கலம் ராமர், சீதை, லட்சுமணர் கதையும் இதேதான். 1978இல் திருட்டுப்போய், 2020இல் லண்டனில் நம்மவர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அடையாளம் காட்டியது அதே நிறுவனம் 1958இல் எடுத்த படம்.

நம் ஊர்ச் சாமிக்கு அப்படி ஒரு படம் இருக்கிறதா? போன வாரம் என் ஆல்பங்களை எல்லாம் கிளறினேன். உற்சவர் படம் பதினொன்று கிடைத்தது. பதினொன்றிலும் பட்டும் மாலையும் கவசமும்! முகமும் ஒரு கையும்தான் வெளியே தெரிகிறது. பார்க்க அழகு, கோர்ட்டுக்கு ஆகாது. அம்பாள் பீடத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும் என்று அப்பா சொல்வார். எந்த மூலை என்று கேட்க இப்போது அவர் இல்லை.

அதனால் மனுவில் ஒரு பத்தி சேருங்கள் மாமா. ஒவ்வொரு கோயில் திருமேனியையும் அலங்காரம் களைந்து முன்னும் பின்னும் படம் எடுத்து, உயரம், எடை, பீடத்துத் துளை, திருவாசிச் சுடர் எண்ணிக்கை எல்லாம் குறித்து, ஒரு பிரதியை ஊரிலும் வைப்பது சட்டப்படி அரசின் கடமை என்று எழுத வேண்டும். 'அபிஷேகத்தின்போது படம் எடுக்கலாமா?' என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். குருக்களிடம் நானே பேசுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு அரசின் சிலைப் பாதுகாப்பு மையத்திலிருந்து சாமி வருகிற அன்று காலையில் அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

அதற்கு முன், பழைய கும்பாபிஷேகப் படங்கள் யாரிடம் இருந்தாலும் ஸ்கேன் செய்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஃபேஸ்புக்கில் போட வேண்டாம், திருடனுக்கும் அதுதான் கேட்டலாக். மேலத்தெரு வாத்தியார் வீட்டில் ஒரு பெட்டி நெகட்டிவ் இருந்ததாக ஞாபகம். அவர் பேரப்பிள்ளைகள் இந்தக் குழுவில் இருந்தால் பதில் போடுங்கள்.

கான்பெராவிலிருந்து,
கிழக்குத் தெருக்காரன்