வேலை அறையில் பழைய கணினிகளுக்கு இடம் கொடுத்த கதை

பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பவர்கள் பலருடைய வீட்டிலும் நிலைமை ஒன்றுதான். சில பரணில், சில கட்டிலுக்கு அடியில், மீதி பழைய போர்வை சுற்றி பீரோவுக்கு மேல். என்னிடமும் அப்படித்தான் இருந்தன. இந்த வருடம் வீட்டிலேயே நான் வேலை பார்க்கும் அறையை முழுதாக மாற்றி, ஓடும் நிலையில் உள்ளவற்றை வெளியே கொண்டுவந்து வைத்தேன். எப்படி வைத்தேன், அதற்குப் பிறகு அறைக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.

அறை சென்னையில், கடலுக்குக் கொஞ்சம் பக்கம். 10க்கு 11 அடி. மேற்குப் பார்த்த ஜன்னல். அலுவலக வேலைக்கான மேஜையும் இதே அறையில்தான் இருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. வெளியே வைத்தவை நான்கு: ஒரு பிபிசி மைக்ரோ மாடல் பி, 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், ஒரு கமடோர் 64, காயலான் கடையிலிருந்து வந்த 486 (இன்டெல் 486 சிப் வைத்த பழைய பிசி). முதல் மூன்றும் 1981, 82ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மாடல்கள்.

எதை எங்கே வைப்பது என்பதற்கு நான் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கை எட்ட வேண்டும், சுவிட்சைப் போட்டால் ஓட வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி விளக்குப் போட்டு வைத்த சேகரிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் கீபோர்டில் கை வைக்க முடியாத கம்ப்யூட்டரில் பார்க்க பெரிதாக எதுவும் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஸ்பெக்ட்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். 23 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் உயரம். கண் மட்டத்தில் அலமாரியில் வைத்தால் கறுப்பாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். மேஜை உயரத்தில், பேப்பர் கடையில் வார இதழ்களைச் சாய்த்து அடுக்குவதுபோலச் சாய்த்து வைத்தால்தான் அந்த ரப்பர் விசைகளும் வானவில் பட்டையும் கண்ணில் படுகின்றன.

சாதாரண புத்தக அலமாரி இதற்கு ஒத்துவராது. ஆழம் 10, 12 அங்குலம்தான் இருக்கும். பிபிசி மைக்ரோவுக்கு 14 அங்குலமாவது வேண்டும், பின்னால் வயர் மடங்க இன்னும் கொஞ்சம். அதனால் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் வாங்கி, 18 அங்குல ஆழத்துக்குப் பிளைவுட் போட்டேன். உயரத்தை எப்போது வேண்டுமானாலும் போல்ட் கழற்றி மாற்றலாம், கரையானும் இரும்பில் ஏறிக் கூடு கட்டினால் உடனே தெரிந்துவிடும். கனமான மானிட்டர்கள் எல்லாம் கீழ்த்தட்டில். 15 அங்குலப் பழைய குண்டு மானிட்டர் ரொம்பக் கனம், அதை மேலே ஏற்றக் கூடாது.

ரேக்கை ஜன்னலுக்கு எதிரே வைக்காமல், ஜன்னல் இருக்கும் அதே சுவரோடு ஒட்டி வைத்தேன். மாலை வெயில் நேராக விழாது. அந்தக் கால ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் கலந்த பொருளைச் சேர்த்திருப்பார்கள். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாவதில் அதற்குப் பெரிய பங்கு. கண்ணாடியில் கதிர் தடுக்கும் ஃபிலிம் ஒட்டி, திரையும் போட்டாயிற்று. ஏற்கெனவே மஞ்சளானவற்றை ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கவைக்கும் முறை 2008லிருந்து பிரபலம். நான் செய்யவில்லை. சரியாகத் தடவாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும், சில வருடங்களில் மஞ்சள் திரும்பியும் வரும். நாற்பது வருடம் உழைத்த பெட்டி மஞ்சளாக இருந்தால் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். வெளியே எடுத்த உடனே பிளக்கைச் சொருகாதீர்கள்.

பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில், மின்சாரம் நுழையும் இடத்தில், காகிதச் சுருள் வைத்த வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒளி ஊடுருவும் மஞ்சள் நிற உறை. வயதானால் உறையில் மயிரிழை மாதிரி விரிசல் விழும், அதன் வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே போகும். சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் வெடித்து அறை முழுக்கப் புகையும் நாற்றமுமாகிவிடும். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மதிப்புள்ள, மின்சாரம் நுழையும் இடத்துக்கான புது எக்ஸ்2 ரகக் கெப்பாசிட்டர் வாங்கி, சுவிட்சைப் போடுவதற்கு முன்பே மாற்றினேன். கமடோர் 64க்கு வந்த பழைய அடாப்டரை நான் பயன்படுத்துவதே இல்லை. உள்ளே வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதிகமாக வந்து ராம் சிப்புகளைச் சாகடிக்கும். புதிய பவர் சப்ளைதான். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், ஆனால் பின்னின் நடுவில் நெகட்டிவ். கைக்குக் கிடைத்த அடாப்டரைச் சொருகினால் போயிற்று. அந்த வயரில் சிவப்புத் துணி டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

486இன் மதர்போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தது. அது கசிந்தால் காரத் திரவம் செம்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். வெட்டி எடுத்து, கசிவு தொட்ட இடத்தை வெள்ளை வினிகரால் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவினேன். அதற்குப் பதிலாக வட்டப் பேட்டரி போடுபவர்கள் நடுவே ஒரு டயோடு வைக்க மறக்கக் கூடாது, போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மூன்று ஓட்டை இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ரேக்குக்குத் தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்). இரவில் ஒரு சுவிட்சில் ரேக் முழுவதும் அணைந்துவிடும்.

ஃபிளாப்பிகள் வெளியே இல்லை. நம் ஊர் ஈரத்தில் தட்டின் மேல் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும், அதோடு டிரைவில் போட்டால் டிரைவின் தலையும் பாழ். அவை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. நீலம் ரோஸ் நிறமானால் ஜெல்லைச் சூடாக்கி மறுபடி போட வேண்டும். 486இல் ஃபிளாப்பி டிரைவ் போலவே நடந்துகொண்டு பென் டிரைவ் ஏற்கும் எமுலேட்டர் மாட்டியிருக்கிறேன்.

இனி வந்தவர்கள். பக்கத்து வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு. ஸ்பெக்ட்ரமில் P விசையை அழுத்தியதும் PRINT என்ற முழுச் சொல்லும் திரையில் வந்து விழுந்ததைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அதில் ஒரு விசைக்கு ஒரு கட்டளை. B விசையில் BORDER கட்டளை இருக்கிறது என்று அவனே கண்டுபிடித்து, பக்கத்தில் 2 போட்டு என்டர் தட்டினான். திரையின் ஓரம் சிவப்பானது. 1 நீலம், 4 பச்சை, 6 மஞ்சள் என்று பட்டியலே போட்டுவிட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவான்.

அடுத்தது என் அத்தை. எண்பதுகளின் கடைசியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். 486ஐப் பார்த்துவிட்டு, “இதுல வேர்ட்ஸ்டார் இருக்காடா?” என்று கேட்டார். அந்தக் காலத்தில் கடிதம் அடிக்கப் பயன்பட்ட மென்பொருள் அது. இருந்தது. உட்கார்ந்து, கண்ணாடியைக்கூட மாட்டாமல், “மதிப்பிற்குரிய ஐயா” என்று தொடங்கும் கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்தார். நாலு வரிக்கு ஒருமுறை இடது கை தானாகக் கன்ட்ரோலுக்குப் போய் கே, எஸ் தட்டியது. “கரண்ட் எப்போ போகும்னு தெரியாதுல்ல, சேவ் பண்ணிக்கிட்டே இருக்கணும்” என்றார். அவர் எத்தனையோ முறை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். அவருடைய வேலையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க அதைத்தான் பேசினோம். பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் அந்த 486 இருந்திருந்தால் “ஓ, பழசா” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போயிருப்பார்.

* * *

அண்ணா, பிபிசி மைக்ரோ என்று படித்ததும் அந்தச் சத்தம் காதில் கேட்டுவிட்டது. ஆன் செய்ததும் தாழ்வாக ஒரு நீள ஒலி, உடனே உச்சத்தில் ஒரு குட்டி ஒலி. பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் மத்திய அரசின் கிளாஸ் திட்டம் 1984இல் வந்தபோது எங்கள் பள்ளிக்கு அந்தக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பள்ளியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அதுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று, உள்ளே போனால் ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். விசையைத் தொடும் முறை எனக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

இப்போது நான் கோவையில், வீட்டிலேயே கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பிபிசி மைக்ரோதான், உறவினர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. பரிசோதித்துக் கொடுத்தவரும் நீங்கள் சொன்ன அதே கெப்பாசிட்டர்களைத்தான் முதலில் மாற்றினார். எனக்கு ரேக் போட இடமில்லை. மேஜையை ஜன்னலிலிருந்து திருப்பி எல் வடிவமாக்கினேன். ஒரு கையில் ஜிஎஸ்டி, இன்னொரு கையில் பிபிசி. சுழலும் நாற்காலி ஒன்று போதும்.

கூடப் படித்த தோழி வந்திருந்தாள். அறை வாசலிலேயே செருப்பைத் தேடிக் குனிந்தாள், வீட்டுக்குள் ஏற்கெனவே வெறுங்காலோடுதான் இருந்தாள்! உட்கார்ந்ததும் அவள் அடித்தது 10 PRINT, அவள் பெயர், 20 GOTO 10. திரை முழுக்க அவள் பெயர் ஓடியது. எஸ்கேப் அடிக்க நான் கையை நீட்டினேன், “இருடி, கொஞ்ச நேரம் ஓடட்டும்” என்றாள். அந்த அறையில் மணி அடிக்க யாரும் இல்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அண்ணாவிடம் ஒரு கேள்வி. தூசிக்கு என்ன செய்கிறீர்கள்? எங்கள் தெருவில் ரோடு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

* * *

அண்ணாச்சி, நான் சிவகாசி. டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைப்பது. என்னுடையது சேகரிப்பு இல்லை, ஆனால் சொல்ல ஒன்று இருக்கிறது.

வீட்டு முன்னறையில்தான் அலுவலகம். அதில் ஒரு பென்டியம், விண்டோஸ் 98, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 6.5. யூனிகோட் வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை. ஃபைலைப் புது மெஷினில் திறந்தால் அதே எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை வரும். தமிழ் மென்பொருளின் பூட்டு பிரிண்டர் போர்ட்டில் சொருகும் டாங்கிள். புது கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட்டே கிடையாது.

போன வருடம் அறையைப் பிரித்து அடுக்கியபோது வீட்டில் எல்லோரும் அதை எடைக்குப் போடச் சொன்னார்கள். நான் அதைப் புது மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு கேவிஎம் சுவிட்ச் போட்டேன். ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, பட்டனைத் தட்டினால் பழசு, தட்டினால் புதுசு. ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்கியிருந்ததால் அதை அப்படியே காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுக்கு நகல் எடுத்து, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே ஐடிஇ அடாப்டர் வழியாக மாட்டியிருக்கிறேன். சத்தமே இல்லை.

வெள்ளிவிழா கொண்டாடும் ஒரு தம்பதி வந்தார்கள். அவர்கள் கல்யாணப் பத்திரிகை நாங்கள் செய்தது. அதே எழுத்து, அதே பார்டரில் விழா அழைப்பு வேண்டும் என்றார்கள். ஃபைல் திறந்தது. பத்திரிகையில் “தங்கள் நல்வரவை நாடும்” பகுதியில் இருந்த பெயர்களை அந்த அம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். தேதியையும் வாசகத்தையும் மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

* * *

தங்கச்சி, தூசிக்குத் தைத்த பருத்தி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஓடும்போது உறையை முழுதாக எடுத்துவிடுங்கள், பிபிசியின் மேல் மூடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடக் கூடாது. துடைக்க மென்மையான பெயின்ட் பிரஷ் போதும்.

சிவகாசி நண்பரே, உங்களிடம் இருப்பதுதான் இங்கே எல்லாவற்றிலும் மதிப்பானது. அந்தக் கார்டை இன்னொரு நகல் எடுத்து வீட்டுக்கு வெளியே வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள், எழுத்துருக்களைத் தனியாகவும் நகல் எடுங்கள். டாங்கிளைக் கழற்றவோ மாட்டவோ வேண்டியிருந்தால் மெஷினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், அது போனால் அந்த மென்பொருளும் போச்சு. என் 486இல் பழைய தமிழ் எழுத்துரு எதுவும் இல்லை. என்னென்ன எழுத்துருக்கள் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் போட முடியுமா?