மாசசூசெட்ஸில் முன்கூட்டியே ஓட்டு: செலவு யார் தலையில்?

டவுன் பட்ஜெட்டைப் புரட்டிவிட்டு, "தேர்தல் செலவும் நம்ம சொத்து வரியிலதானா அண்ணா?" என்று கேட்டிருந்தீங்க தம்பி. பெரும்பாலும் ஆமாம். நம்ம ஊரில் மக்களவைத் தேர்தல் செலவு மத்திய அரசுடையது, சட்டமன்றத்துக்கு மாநில அரசு, நடத்துவது கலெக்டர். இங்கே அமெரிக்காவில், நம்ம மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அதிபர் தேர்தலைக்கூட நடத்துவது நாய்க்கு லைசென்ஸ் தருகிற அதே டவுன் கிளார்க் அலுவலகம்தான்.

தேர்தல் நாளுக்கு முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதிக்கு 2014-இல் சட்டம் வந்தது, 2016 அக்டோபர் 24 முதல் நவம்பர் 4 வரை முதல் தடவையாக நடந்தது, பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போட்டார்கள். தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை லீவு கிடையாதே, வராமல் என்ன செய்வார்கள்! நான் போனபோது டவுன் ஹால் மீட்டிங் ரூமில் மடக்கு மேஜை, அட்டைத் தடுப்பு, ரிட்டயர்ட் ஆன இரண்டு பாட்டிகள். ஓட்டுச்சீட்டை உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு உறையையும் பிற்பாடு யாரோ பிரிக்கணும், பெயரைச் சரிபார்க்கணும். அந்த ஆளுக்கெல்லாம் சம்பளம் வேண்டாமா?

இதைத்தான் வோபர்ன், ஆக்ஸ்போர்டு இரண்டு ஊர்களும் மாநிலத் தணிக்கையாளரிடம் கேட்டன. 1980-இல் வந்த இரண்டரை சதவீதச் சட்டத்தால், மக்களிடம் தனியாக ஓட்டு வாங்காமல் டவுன் தன் மொத்தச் சொத்து வரி வசூலை வருஷத்துக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது, புதுக் கட்டடங்களால் வருவது மட்டும் தனிக்கணக்கு. அதனால் மாநிலம் புதிதாக ஒரு வேலையை ஊர் தலையில் கட்டினால் காசையும் அதுவே தரணும். அப்போது தணிக்கையாளராக இருந்த சூசான் பம்ப் 2017-இல், கட்டாயமாகச் செய்யச் சொன்ன பகுதிக்கு மாநிலம் பணம் தரணும் என்று சொன்னார். ஊரே விருப்பப்பட்டுச் செய்த கூடுதல் ஏற்பாடுகள் அந்தக் கணக்கில் வராது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. 2022-இல் வந்த சட்டம் தபால் ஓட்டை நிரந்தரமாக்கி, முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதியையும் விரிவாக்கியது.

அப்புறம் ஒன்று, இதுதான் ரொம்ப முக்கியம். வரி கட்டுகிறோமே என்று எச்1பி வேலை விசா, கிரீன் கார்டில் இருப்பவர்கள் வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள், குடியுரிமை வாங்கும்போது தலைவலி, நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும்போது நீட்டுகிற எந்தத் தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க, அது வாக்காளர் பதிவுப் படிவமாகவும் இருக்கலாம். ஊர்க்காரர்கள் கூடி பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடுகிற டவுன் மீட்டிங்குக்கு மட்டும் தாராளமாக வரலாம், ஓட்டில்லாதவர்களுக்குத் தனியாக நாற்காலி போட்டிருப்பார்கள்.