மிஸ்ட்போர்ன்: தெய்வம் போட்ட திட்டமா, தற்செயலா? உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்போர்ன்’ என்ற மிகைபுனைவு வரிசையில் முதல் மூன்று நாவல்களையும் (2006–2008) இரண்டாம் முறையாகப் படித்து முடித்திருக்கிறேன். கதையின் முடிவைத் தொட்டுப் பேசுவதால், படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

இக்கதையில் அல்லோமான்சி என்ற மந்திர ஆற்றல் உள்ளவர்கள் உலோகத் துகளை விழுங்கி வயிற்றுக்குள் ‘எரிக்கிறார்கள்’. எஃகை எரித்தால் அருகிலுள்ள உலோகத்தைத் தள்ளலாம், இரும்பை எரித்தால் இழுக்கலாம். உலோகம் வெறும் திறவுகோல்தான், ஆற்றல் காக்கும் தெய்வமான பிரிசர்வேஷனுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது.

காப்பதையே இயல்பாகக் கொண்ட அத்தெய்வத்தால் அழிக்கும் தெய்வமான ரூயினைக் கொல்ல முடியாது என்பதால், அந்த வேலையை ஒரு மனிதப் பிறவியிடம் ஒப்படைக்க அது முன்பே திட்டமிட்டிருந்தது என்பது என் நண்பரின் வாதம். அத்தெய்வத்தின் ஆற்றலான மூடுபனியால் நோயுற்றவர்கள் சரியாக 16 விழுக்காட்டினர், இவ்வளவு துல்லியம் தற்செயலாக இருக்க முடியாது என்பதை அவர் சான்றாகக் காட்டுகிறார். அதை ஏற்கிறேன். ஆனால் கதாநாயகி வின்னின் காதணி? ரூயின் அவளிடம் பேசுவதற்கு வழியாக இருந்த அந்தச் சிறு உலோகத் துண்டு பிடுங்கப்பட்ட பிறகே மூடுபனி அவளுக்குள் புகுகிறது. இதுவும் திட்டத்தில் அடங்குமா, அல்லது ரூயினின் பிடியில் இருந்தும் அதைப் பிடுங்கிய மார்ஷின் ஒரு கணத் துணிச்சல்தானா?

இரு தரப்புக்கும் ஆதாரமான பகுதிகளை அத்தியாய எண்ணுடன் சுட்டிக்காட்டினால் நன்றியுடையவனாவேன். அடுத்த வரிசை நாவல்களை இன்னும் தொடவில்லை. அவற்றிலிருந்து எதையும் சொல்லிவிட வேண்டாம்.