இல்ல மெய்வல்லுநர் போட்டி: ஓட்டம், பாய்தல் தவிர எதைப் படம் பிடிப்பது?

கேள்வி – உவர்மலை வாசகன்
மூன்று வருடங்களாகப் பாடசாலைப் போட்டிகளைப் படம் எடுக்கிறேன். நாடாவைத் தொடும் மார்பு, மணற்குழியில் விழும் கால்கள். ஆண்டு மாறினாலும் படம் மாறவில்லை. இம்முறை திருகோணமலை மக்கெய்சர் விளையாட்டரங்கில் வேறு எதைப் பார்க்கலாம்?

பதில் – கடற்கரை வீதி
கோல் வாங்கக் காத்திருப்பவரைப் பாருங்கள். 4x100 அஞ்சலோட்டத்தில் கைமாற்றும் வலயம் 30 மீற்றர். அதன் தொடக்கத்தில் ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தபடி நிற்கும். போன வருடம் ஒரு மாணவியை அப்படி எடுத்தேன். வெறுங்கால், பெருவிரலில் சுண்ணாம்பு, சட்டையில் இலக்கத் துணியைக் குத்திய ஊசி ஒன்று கழன்று தொங்கியது. அவள் ஓடியதை நான் எடுக்கவே இல்லை. என்னிடமுள்ள நல்ல படம் அதுதான்.

முதல் நாள் மாலையே போய்விடுங்கள். இல்லங்களுக்கு, அதாவது பாடசாலையின் போட்டி அணிகளுக்கு, தென்னங்குருத்துத் தோரணம் கட்டும் பிள்ளைகளின் முகத்தில் போட்டியன்று காணாத ஒளி இருக்கும். பெரிய லென்ஸ் வேண்டாம், 50 மில்லிமீற்றர் போதும். கிட்டப் போகப் பழகுங்கள். ஓட்டத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 செக்கன் வைப்பீர்கள். இங்கே 1/250 தாராளம்.

பதில் – நிலாவெளி ஆசிரியை
தோற்று அழும் பிள்ளையை எடுத்தால், பெற்றோரைக் கேட்காமல் முகநூலில் போடாதீர்கள். அதிபரின் அனுமதி மட்டும் போதாது.

உவர்மலை வாசகன்
கட்டாயம் கேட்பேன். முதல் நாள் மாலையே வருகிறேன்.