ஹோல்ஸ்டைக் கேட்ட பிறகு ஸ்டார் வார்ஸை எப்படிக் கேட்பது?

அருமனை_வயலின்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் அருமனை. மார்த்தாண்டத்தில் வயலின் படிக்கிறேன், ட்ரினிட்டி ஐந்தாம் கிரேடு வரப்போகிறது. வயலினைக் கையில் எடுத்ததே ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸைக் கேட்டுத்தான்.

லீவுக்கு வந்த சித்தப்பா மகன் என்னை உட்கார வைத்து வரிசையாகப் போட்டுக் காட்டினான். முதலில் ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'கிரகங்கள்' தொகுப்பில் செவ்வாய். அதன் முடிவில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே சுரக்கூட்டைத் திரும்பத் திரும்ப இடிக்கிறதே, அதுவும் முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் பெரிய கப்பல் தலைக்கு மேலே வருகிற இடமும் கிட்டத்தட்ட ஒன்று. அடுத்தது கோர்ன்கோல்ட் 1942இல் 'கிங்ஸ் ரோ' படத்துக்குப் போட்ட முகப்பு இசை. அது ஸ்டார் வார்ஸ் முகப்புக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. கடைசியாக ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு', இரண்டாம் பாகத்தின் தொடக்கம். பாலைவனத்தில் அந்த ரோபோ நடக்கிற காட்சி அப்படியே கண்முன் வந்தது.

"உனக்குப் பிடிச்சது எதுவுமே அவருது இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று முதல் அந்த இசையைப் பழைய மாதிரி கேட்க முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சினிமா ஆர்க்கெஸ்ட்ரா இசையில் சொந்தம் என்று ஏதாவது இருக்கிறதா?

குழித்துறை_கீபோர்ட்

உன் அண்ணன் சொன்னது சரிதான். ஜேம்ஸ் ஹார்னர் 1988இல் 'வில்லோ' படத்துக்குப் போட்ட இசையைக் கேட்டுவிட்டு ஷூமான் மூன்றாவது சிம்ஃபனியின் தொடக்கத்தைக் கேள். 'கிளாடியேட்டர்' சண்டைக் காட்சி இசைக்காக ஹான்ஸ் ஸிம்மர் மேல் ஹோல்ஸ்ட் அறக்கட்டளை 2006இல் வழக்கே போட்டது. பில் கான்ட்டி 'தி ரைட் ஸ்டஃப்' இசைக்கு ஆஸ்கர் வாங்கினார், அதில் சைக்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோ எவ்வளவு தூரம் வருகிறது என்று வயலின் படிக்கிற நீயே கண்டுபிடிப்பாய். நூறு பேர் வாசிக்கும்போது பிரமாண்டமாகத்தான் இருக்கும். அதற்காக அதைச் சொந்தக் கற்பனை என்று சொல்ல முடியாது.

கோட்டாறு_ட்ரம்பெட்

நான் பேண்டு செட்டுல ட்ரம்பெட் வாசிக்கேன். எனக்க அப்பாவும் வாசிச்சவரு. சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வந்தா எங்களைப் பாக்கலாம். ஒரே ஒரு விசயம் சொல்லிட்டுப் போறேன்.

வால்வு வச்ச ட்ரம்பெட் 1810கள்ல வந்ததுதான். அதுக்கு முன்னால வெறும் குழாய். கீழ் ஸ்தாயியில அதுல என்ன ஊதினாலும் ச, ப, மேல் ச, க, ப இவ்வளவுதான் வரும். ரி, ம எல்லாம் இன்னும் மேல போனாத்தான் கிடைக்கும். ராஜா வருகாரு, பட்டாளம் வருகு, கோட்டைக் கதவு தொறக்குன்னு நூத்துக்கணக்கான வருசம் அந்தச் சுரங்களைத்தான் ஊதியிருக்காங்க. அதனால வீரம், வெற்றின்னு யாரு எழுதினாலும் ச-ப தாவல் வந்துரும். கோர்ன்கோல்டுக்கும் வரும், வில்லியம்ஸுக்கும் வரும், நாங்க பிஷப்பை வரவேற்க வாசிக்கிறதிலயும் வரும். அது குழாயோட குணம்.

ஆனா ஸ்டார் வார்ஸ் முகப்பை வாசிச்சுப் பாருங்க: ச, ப, அப்புறம் வேகமா ம க ரி. இந்த இடத்துல நம்ம காது கீழ ச-வுக்கு எறங்கக் காத்துக்கிட்டிருக்கு. அவரு எறங்கல்ல. ரி-யில நின்னு ஒரே தாவா மேல் ச-வுக்குப் போறாரு. உதடு தயாரா இல்லைன்னா அந்தச் சுரம் உடைஞ்சு போகும். பழைய குழாய் ட்ரம்பெட்காரன் யாரும் சொல்லிக்கொடுத்த தாவல் இல்லை அது.

நெய்யூர்_டீச்சர்

அருமனைப் பிள்ளைக்கு. நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சபைக் குயரில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன், வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். கோட்டாறு தம்பி சொன்னதை முதலில் வாசித்துப் பார், அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

உன் அண்ணன் காட்டிய மூன்றும் உண்மையான சாயல்தான். அந்தச் சாயல் எங்கிருந்து வந்தது என்று அவன் சொல்லவில்லை. இசையமைப்பாளர் வேலையைத் தொடங்கும் முன்பே, படத்தைத் தொகுக்கும்போது, ஏற்கெனவே உள்ள இசையைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டுவார்கள். டெம்ப் டிராக் என்பார்கள். ஸ்டார் வார்ஸ் படத்துக்கும் ஜார்ஜ் லூகாஸ் அப்படித்தான் பழைய செவ்வியல் இசையை வைத்திருந்தார். மாதக்கணக்கில் அந்தக் காட்சியை அந்த இசையோடு பார்த்த டைரக்டருக்கு வேறு எதைப் போட்டாலும் மனம் ஒட்டாது. 1968இல் வந்த '2001' படத்தின் முதல் பாதிக்கு அலெக்ஸ் நார்த் இசை எழுதிப் பதிவும் செய்தார். டைரக்டர் கூப்ரிக் அதை ஒதுக்கிவிட்டு ரிச்சர்டு ஷ்ட்ராவுஸ், லிகெட்டி என்று தான் வைத்திருந்ததையே வைத்துக்கொண்டார். படம் முதல்முறை காட்டப்பட்டபோதுதான் தன் இசை அதில் இல்லை என்பது நார்த்துக்குத் தெரிந்தது. எத்தனை கொடுமை, யோசித்துப் பார். வில்லியம்ஸும் அப்படியொரு நிலையில்தான் உட்கார்ந்தார். காட்சியின் வேகம், கனம், எங்கே உயரவேண்டும் என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டது. அதற்குள் நின்று தன்னுடையதை எழுதவேண்டும்.

எழுதினாரா? எழுதினார் என்று உறுதியாகச் சொல்வேன். செவ்வாயையும் 1980இல் வந்த இரண்டாவது படத்தின் வில்லன் மார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் கேள். செவ்வாய் ஐந்து எண்ணிக்கை. வயலின்காரர்கள் வில்லைத் திருப்பி மரத்தால் தட்டுகிறார்கள். ஐந்து எண்ணிக்கைக்கு மனிதக் கால் நடக்காது, அதனால்தான் அந்த யுத்தத்தில் மனிதர்களே இல்லாத மாதிரி ஒரு பயம் வருகிறது. ஹோல்ஸ்ட் அதை எழுதியது 1914இல். வில்லியம்ஸின் மார்ச் நாலு எண்ணிக்கை, பட்டாளம் நடக்கிற நடை. அந்த இசையில் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கீழே ஜி மைனர் அடிக்கும்போது நடுவில் ஈ ஃப்ளாட் மைனர் வந்து போகும். இந்த இரண்டும் ஒரே வீட்டுச் சுரக்கூட்டுகள் அல்ல. கீபோர்டில் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார், தரை நழுவும். ஹோல்ஸ்டிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது ஒரே தாளக்கட்டைப் பிடிவாதமாக அடித்துப் பயமுறுத்தலாம் என்பதை. அதற்குமேல் கட்டியது அவருடைய வீடு.

இன்னொன்றும் இருக்கிறது, சினிமா இசைக்கு இதுதான் உயிர். கச்சேரி மேடையில் செவ்வாய் ஒருமுறை வாசித்து முடிந்துவிடும். படத்தில் ஒரு மெட்டு மனிதரோடு வளரவேண்டும். அந்த முதல் படத்தில் இரண்டு சூரியன் மறைகிற காட்சியில் ஒற்றை ஹார்னில் ஒரு மெட்டு வரும், பிறகு வயலின்கள் அதை வாங்கிக்கொள்ளும். அதே மெட்டு பிறகு எத்தனை இடத்தில், எத்தனை வேகத்தில், யாருக்காகத் திரும்பி வருகிறது என்று பின்தொடர்ந்து போ. ஒவ்வொருவருக்கும் ஒரு மெட்டு வைத்துத் திரும்பக் கொண்டுவருகிற இந்த முறை ஜெர்மன் ஓப்பரா இசையமைப்பாளர் வாக்னருடையது, உண்மைதான். ஆனால் எந்த நிமிடத்தில் எந்த மெட்டு வாயைத் திறக்கவேண்டும் என்று முடிவெடுத்தது வாக்னர் அல்ல.

நம் சபைகளில் பெரிய வெள்ளிக்கிழமை 'இரத்தம் காயம் குத்தும்' பாடுகிறோம் அல்லவா? நானும் சின்னப் பிள்ளையிலிருந்து கண்ணீரோடு பாடுகிற பாமாலை அது. அந்த ராகத்தை ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்டபோது அது ஒரு காதல் பாட்டு. ஒரு பெண்ணால் மனம் கலங்கிப்போனவனின் பாட்டு. பிறகு அது ஞானப்பாட்டு ஆயிற்று. பாக் அதை 'மத்தேயு பாடுகள்' என்ற தன் பெரிய குயர் படைப்பில் திரும்பத் திரும்ப எடுத்தார், மெட்டு அதேதான். கீழ்க் குரல்களை ஒவ்வொரு முறையும் மாற்றினார். இயேசு மரித்தபின் வருகிற இடத்தில் ஆல்ட்டோ, டெனர், பேஸ் போகிற வழியைப் பார்த்தால் மேலே இருக்கும் மெட்டே புதிதாகக் கேட்கும். அந்த ஆல்ட்டோ வரியைப் பாடிப் பழகியவள் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். பாக்கை யாரும் ஹாஸ்லரின் நகல் என்று சொல்வதில்லை.

குழித்துறைத் தம்பியை நான் முழுவதும் மறுக்கவில்லை. 'வில்லோ' எனக்கும் ஒப்பவில்லை. ஷூமான் 1850இல் எழுதிய அந்தத் தொடக்கம் மூன்று எண்ணிக்கையின் மேல் குறுக்கே தாவித் தாவிப் போகிறது, கேட்கிறவனுக்கு எண்ணிக்கை பிடிபடச் சற்று நேரமாகும். அழகே அதுதான். படத்தில் மெட்டின் முகம் வந்தது, அந்தத் தடுமாற்றம் வரவில்லை. எடுத்தவர் எடுத்த இடத்திலேயே நின்றுவிட்டார் என்று எனக்குப் படுகிறது. ஹார்னர் எழுதிய எத்தனையோ நல்ல இசை இருக்க, இது எனக்கு வருத்தம்.

'கிளாடியேட்டர்' வழக்கில் சட்டமும் கலக்கிறது. ஹோல்ஸ்ட் இறந்தது 1934. இங்கிலாந்துச் சட்டப்படி எழுபது வருடம், அதாவது 2004 முடியும்வரை உரிமை இருந்தது. படம் வந்தது 2000. ஷூமான் விஷயத்தில் கேட்க ஆள் இல்லை. வழக்கு வந்ததா என்பதை வைத்து இசையை எடைபோட்டால் செத்து நூறு வருடம் ஆனவர்களிடம் எடுப்பதெல்லாம் நியாயம் என்றாகிவிடும். எனக்கு அது சம்மதமில்லை.

நேர்மையாக எடுப்பது எப்படி என்றால் நம் இளையராஜாவைக் கேள். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பையே தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை ஆக்கினார். அதில் பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பெயரே வைத்து ஒரு உருப்படி உண்டு. பாக்கின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டா என்ற தொகுப்பின் முதல் பகுதியான பிரலூட் அதில் ஒளிவுமறைவில்லாமல் வருகிறது, ராஜா அதோடு உரையாடுகிறார். வி.எஸ். நரசிம்மன் வயலின். அந்த பிரலூடை பாக்கே 1731இல் கான்டாட்டா என்ற ஒரு பாட்டுக்கோவையின் முகப்பாக, ஆர்கனும் ட்ரம்பெட்டும் வைத்து மறுபடி எழுதியிருக்கிறார். ஐந்தாம் கிரேடு முடித்தபின் நீயும் மெதுவாக அதை வாசித்துப் பார்.

வடிவீஸ்வரம்_ரசிகன்

டீச்சர் சொன்னதோடு சேர்த்து: முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைக் கேளுங்கள். ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டு. அதனால் அவருடைய பெரிய படைப்பான நவாவரணக் கிருதிகளின் மதிப்பு யாருக்காவது குறைந்ததா?

எங்கள் தெருக்காரர் என்ற பெருமையோடு இன்னொன்றும் சொல்கிறேன். நீலகண்ட சிவன் 1839இல் பிறந்தது இந்த வடிவீஸ்வரத்தில். அவருடைய பஜனையைத் திருவனந்தபுரத்தில் பின்னாலேயே நடந்து கேட்டு வளர்ந்தவர் பாபநாசம் சிவன். அவர்தான் பிறகு சினிமாவுக்கு அத்தனை பாட்டு எழுதினார். தமிழ் சினிமாவில் பக்தியாக ஒலிப்பதில் கொஞ்சம் எங்கள் அக்ரகாரத்திலிருந்து போனது.

அருமனை_வயலின்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ட்ரம்பெட் அண்ணா, அந்த ரி-மேல் ச தாவலை வயலினில் வாசித்தேன், கை தானாகக் கீழேதான் போகிறது!

டீச்சர், ஒரு உதவி. காலேஜ் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். குளச்சலில் ஒரு அம்மா, கடலுக்குப் போன மகனுக்காக ராத்திரி கரையில் காத்திருக்கிறாள். இசை நான். எங்கள் டைரக்டர் ஸிம்மரின் ஒரு இசையைப் போட்டு வெட்டியே வைத்துவிட்டு "இதே மாதிரி வேணும்" என்கிறான். நீங்கள் சொன்ன டெம்ப் டிராக் என் வீட்டுக்கே வந்துவிட்டது. என்ன செய்ய?

நெய்யூர்_டீச்சர்

அவனிடம் கோபப்படாதே. அந்த இசையில் அவனுக்கு என்ன பிடித்தது என்று கேள். பெரும்பாலும் மெட்டாக இருக்காது. வேகமாக இருக்கும், அல்லது கீழ்ச் சுரம் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதாக இருக்கும், அல்லது ஒரு இடத்தில் எல்லாம் நின்றுவிடுவதாக இருக்கும். காட்சியில் எந்த விநாடியில் அது நடக்கிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள். பிறகு எழுதி முடிக்கும்வரை அந்த டிராக்கைக் காதில் போடாதே, ஒலி இல்லாத படத்தை வாங்கி வைத்துப் பார்.

அடுத்து, அந்த அம்மாவைப் பார். அவள் கடலையே பார்த்து நிற்கிறாள் என்றால் அலை ஏற்கெனவே ஒரு தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. அதன்மேல் நீ இன்னொரு தாளத்தை அடிக்க வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். நீண்ட சுரங்கள் போதும். அவள் வாய்க்குள் செபமாலை சொல்கிறாளா? அப்படியென்றால் அந்த முணுமுணுப்பின் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்து அதையே உன் வேகமாக வை. டைரக்டர் குறித்த இடங்களில் நிற்க வேண்டியதற்கு நிற்கலாம். ஸிம்மரின் நிழல் அதில் இருக்காது. ஹோல்ஸ்ட் ஞாபகம் வந்தால் வரட்டும், பயப்படாதே. மூன்றாவது வரியில் எங்கே போகிறாய் என்று மட்டும் கவனமாக இரு.

முழுவதும் எழுதிவிட்டுக் காட்டாதே. ஒரே நிமிடக் காட்சிக்கு இரண்டு விதமாகச் செய்து காட்டு. ஒன்று அவன் கேட்டதற்குப் பக்கத்தில், இன்னொன்று உன் மனம் சொன்னது. படத்தோடு சேர்த்து ஓட்டினால்தான் அவன் காது டெம்ப் டிராக்கை விடும், வாயால் விளக்கினால் விடாது.

செல்லோவுக்கு ஆள் தேடி அலையவேண்டாம். உன் சபைக் குயரில் பேஸ் பாடுகிற அண்ணன்மாரை நாலு பேரைக் கூட்டி வாயை மூடி 'ம்' என்று பிடிக்கச் சொல். கீழ் எஃப்புக்குக் கீழே எழுதாதே, அவர்களுக்கு எட்டாது. நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்காமல், ஒருத்தர் வாங்கும்போது மற்றவர்கள் பிடிக்கும்படி நோட்டிலேயே குறித்துக் கொடு.