ஸ்பெயின் போறோம், பஸ்ஸு மெத்ரோல சமாளிக்க ஸ்பானிஷ்ல என்ன தெரிஞ்சிருக்கணும்?

ரோஸ்ஹில்_மீனா:
வணக்கம். ஜூலைல நானும் மாமியாரும் ஸ்பெயின் போறோம், மாட்ரிட், அங்கேந்து ரயில்ல செவில்லா, கடைசி 3 நாள் லாஸ் பால்மாஸ். கார் எடுக்கல, மொரீஷியஸ்ல இடது பக்கம் ஓட்டிப் பழகின கை, அங்க வலது பக்கம் ஓட்ட தைரியம் இல்ல. பிரெஞ்சும் கிரியோலும் தெரியும், ஸ்பானிஷ்ல ஓலா தவிர ஒண்ணும் தெரியாது. ஆப்ல நூறு வாக்கியம் குடுக்கறான், மாமியாருக்கு 68 வயசு, அவங்களுக்கும் வாயில நிக்கற மாதிரி எது போதும்?

கத்ர்போர்ன்_செல்வா:
பிரெஞ்சு இருந்தா பாதி வேல முடிஞ்சுது மீனா. டிக்கெட் பிய்யேத்தே, லேட்டு ரெத்ராஸோ, வண்டி மாறுறது கொரெஸ்பொந்தென்ஸியா, கேட்டவுடனே புரிஞ்சிடும். போயிட்டு வர டிக்கெட்டுக்கு "ஈதா இ வுவெல்தா". பஸ் ஸ்டாப் மட்டும் நம்ம பிரெஞ்சு அரே மாதிரி இல்ல, பராதா. "தோந்தே எஸ்தா லா பராதா?"ன்னா ஸ்டாப் எங்க.

ஆனா கேக்கறது ஈஸி, அவங்க மடமடன்னு பதில் சொல்லும்போதுதான் முழிப்போம். அதனால காதுல விழற வார்த்தையப் படிச்சுக்கோங்க. கூட்டத்துல பின்னாடி நிக்கறவர் "பாஹா என் லா ப்ரோக்ஸிமா?"ம்பார், அடுத்த ஸ்டாப்ல எறங்கறீங்களான்னு அர்த்தம், இல்லன்னா வழி விடணும். ரயில் டிக்கெட்ல கோச்சே 5 ப்ளாஸா 8ஏன்னு இருக்கும். கோச்சேன்னா பெட்டி, ப்ளாஸான்னா சீட்டு, உங்க ரோஸ்ஹில் ப்ளாஸா தியேட்டர் இல்ல :) எந்த பிளாட்பாரம்னு கேக்க "தே கே வீயா ஸாலே?" போதும்.

அப்புறம் மாட்ரிட் மெத்ரோ நம்ம மாதிரி இடது பக்கம்தான் ஓடும், அங்க மட்டும் தைரியமா இருங்க. சிவப்பு கார்டு ஒண்ணு 2.50 யூரோ, அதுல 10 பயணம் போட்டு ரெண்டு பேரும் அதையே தட்டலாம். ஏர்போர்ட்டுக்கு 3 யூரோ தனி.

க்யூர்பீப்_வள்ளி:
நான் பட்டது ஒண்ணு சொல்றேன். செவில்லா போக காலைல ஸ்டேஷனுக்குப் போயி வரிசைல நின்னா, கவுண்டர்ல இருந்த அம்மா "மஞானா?"ன்னாங்க, மஞானான்னா காலைன்னு எங்கயோ படிச்ச ஞாபகம், ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு டிக்கெட்ட வாங்கிட்டு உள்ள போனா பேக் ஸ்கேன் பண்ற எடத்துல விடல. தேதி பாத்தா நாளைக்கு! நாளைக்கும் மஞானாதான் காலைக்கும் மஞானாதான். இன்னைக்குன்னா "ஓய்"னு சொல்லுங்க, யாரையோ ஓய்னு கூப்பிடற மாதிரி இருக்கும் பரவால்ல. ஸாலிதான்னு போர்ட் பாத்தாலும் வெளிய போற வழியா புறப்பாடான்னு எடத்தப் பாத்துதான் சொல்லணும், ரெண்டுக்கும் அதே வார்த்த.

லெ_போர்_தம்பி:
மீனா அக்கா, உச்சரிப்புல தமிழ் தெரிஞ்சவங்களுக்கு லாபம். ஈதா, பராதாலல்லாம் வர்ற தா நம்ம "அது"ல வர்ற து மாதிரியே, நாக்கு பல்லு கிட்ட மெதுவா பட்டா போதும். மஞானாலயும் எஸ்பாஞாலயும் நம்ம ஞ அப்படியே இருக்கு. ரெண்டு ர வந்தா மட்டும் நல்லா உருட்டுங்க. நம்ம பிரெஞ்சு ர தொண்டைலேந்து வரும், அத அங்க எடுத்துட்டுப் போகாதீங்க. பஸ்ல டிரைவர்கிட்ட போற எடத்தக் காட்டி "மே அவீஸா, போர் ஃபபோர்?"னு கேட்டுடுங்க, ஸ்டாப் வந்ததும் அவரே சொல்லுவார். மாமியாருக்கு இது ஒண்ணே போதும்.

ரோஸ்ஹில்_மீனா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மாமியார் "ஓய்"ய மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க, காலைலேந்து என்னை ஓய்னுதான் கூப்பிடறாங்க. லாஸ் பால்மாஸ்லயும் இதே வார்த்தைங்கதானே?

கத்ர்போர்ன்_செல்வா:
எல்லாம் அதேதான், பஸ்ஸு மட்டும் வேற. கனாரி தீவுல பஸ்ஸுக்கு அவுத்தோபூஸ்னு சொல்ல மாட்டாங்க, குவாகுவா. போர்ட்லயே அப்படித்தான் எழுதியிருக்கும், குழந்த பாஷைன்னு நெனச்சு தாண்டிப் போயிடாதீங்க.